தலைமையாசிரியர் வேஷமும் என் வலது காதும்

நான் சினிமாவுக்கு வந்த காலத்தில் எங்கள் ரங்கூனில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்ததில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பக்கத்தில் நின்று, தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாக உரக்க எடுத்துக் கொடுப்பார். நடிக்கிறவன் அதைக் காதில் வாங்கி, அழுகையோ சிரிப்போ சேர்த்து, மறு நொடியில் வாயால் விட வேண்டும். சத்தத்தைப் பிற்பாடு வேறு இடத்தில் வைத்துத் தனியாகச் சேர்ப்பார்கள். அதனால் படம் பிடிக்கும் இடத்தில் யார் கத்தினாலும் கவலையில்லை.

இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க எனக்கு வயதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் நடித்தேன். ஒரு வரியை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை. காலேஜ் படித்த கதாநாயகர்கள் பாதி வரியில் தடுமாறி நிற்பார்கள். அவர்கள் வரியையும் சேர்த்து நான் காதில் வாங்கி வைத்திருப்பேன்.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. பர்மிய எழுத்து எனக்கு இன்றைக்கும் வெறும் வட்டங்கள்தான். தமிழ் எழுத்து மட்டும் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கொஞ்சம் கற்றேன். அந்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். கம்பெனியில் கதைத் தாளைக் கொடுத்தால் ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பேன், தலையை ஆட்டுவேன், மடித்துச் சட்டைப் பையில் வைப்பேன். வாசிக்கத் தெரியாத ஆள் என்று கடைசி வரைக்கும் ஒரு கம்பெனிக்கும் தெரியாது. தெரிய விட்டேனா நான்?

பசுந்தாங் ஓடைக்கரை அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். ஒரு படக் கம்பெனி அங்கே வந்து, கூலிகளாக நிற்க எங்களையே நிறுத்தியது. படகிலிருந்து கரைக்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். விழச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் மூட்டையோடு ஓடையில் விழுந்தேன், கேமராவுக்கு முகத்தைக் காட்டியபடியே விழுந்தேன். நனைந்த மூட்டைக்காக மில் முதலாளி என்னை விரட்டினார். மறுநாளும் வரச்சொல்லி டைரக்டர் ஆள் அனுப்பினார். யார் சிபாரிசும் இல்லை.

அதற்குப் பிறகு காவல்காரன், வட்டிக்காரன், பால்காரன், வெற்றிலைபாக்குக் கடைக்காரன் என்று ஒன்று விடாமல் போட்டேன். எல்லாம் 'கலா' வேஷம். இந்திய முகம் உள்ளவனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கலா என்றால் பர்மிய மொழியை உடைத்துப் பேச வேண்டும், ஜனங்கள் சிரிக்க வேண்டும். நான் பிறந்தது பசுந்தாங்கில். என் பர்மிய மொழி எந்தப் பர்மியனுடைய பேச்சுக்கும் குறைந்ததல்ல. கூலிக்காக அதை உடைத்தேன். அதிலும் ஒரு வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு சத்தம் சேர்க்கும்போது என்னைக் கூப்பிடவே மாட்டார்கள். கலா குரலுக்கென்றே ஒரு பர்மியர் இருந்தார். என்னை விட நன்றாக உடைப்பார் அவர். என் முகம் இந்த ஊர் முழுக்கத் தெரியும், என் குரலை ஒருவரும் கேட்டதில்லை. பஸ்ஸில் என்னைக் காணும் பிள்ளைகள் அந்த ஆளின் குரலில்தான் என்னைக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.

நோய்க்காலம் இன்னும் முடியாத ஒரு வருஷம். எல்லாரும் வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு திரிந்தோம். வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரில் இருந்து அழைப்பு வந்தது. டைரக்டர் என் மகன் வயது. சிறியவரானாலும் டைரக்டரைச் 'சயா' என்றுதான் சொல்ல வேண்டும், பர்மிய மொழியில் ஆசிரியருக்கும் அதே சொல்தான். அவர் என்னை 'ஊலே' என்று கூப்பிட்டார், மாமா என்பது போல.

"ஊலே, உங்களுக்கு ஹெட்மாஸ்டர் வேஷம். கதாநாயகியோட அப்பா. கடைசி வரைக்கும் வரும்" என்றார், வாய்த் துணியை மோவாய்க்கு இறக்கிவிட்டு.

"கலா ஹெட்மாஸ்டரா, சயா?"

"வெறும் ஹெட்மாஸ்டர்தான். உடைச்சுப் பேச வேணாம். வீட்ல பேசற மாதிரி பேசுங்க. இந்தத் தடவை டப்பிங் கிடையாது. அங்க பேசறது அங்கேயே பதிவாகும்."

என் சொந்தக் குரல்! நாற்பது வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினேன்.

என் மனைவி பத்தாவது வரை பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. "ஹெட்மாஸ்டரா? நீங்களா? ரெண்டாங்கிளாஸ்ல வாத்தியாரம்மா தண்ணி மொண்டு வரச் சொன்னதும் அப்படியே ஓடி வந்த ஆளு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நடிக்கறதுக்கு எதுக்குடி கிளாசு? முப்பது படத்துல திருடனா வந்தேன், எவன் வீட்ல திருடுனேன்?"

"அது சரி. பிள்ளைங்க பேரு கூப்பிடற சீன் வந்தா புஸ்தகத்தத் தலைகீழாப் புடிச்சுறாதீங்க" என்றாள். ஆனால் அன்றைக்கு மத்தியானமே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

படப்பிடிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லியினில் ஒரு பழைய வீட்டில் நடந்தது. காலையில் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போவேன். சத்தம் அங்கேயே பதிவாவதால் வசனத்தைக் கத்தி எடுத்துக் கொடுக்க முடியாது. கேமரா ஓடுவதற்கு முன்னால் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொல்வார்கள். நாம் கேட்டு வைத்துக்கொண்டு பேச வேண்டும். எடுத்துக் கொடுக்க வந்தது எனக்கு இருபது வருஷமாகப் பழக்கமான அம்மாள்தான். அவள் கொடுத்த வார்த்தையைத்தான் அத்தனை காலமும் நான் பேசினேன். எனக்குக் கவலையே இல்லை.

அவள் வந்தாள், வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தாள். எனக்கு ஏதோ முனகல் கேட்டது, வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"என்ன?" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவளே திடுக்கிட்டுப் போனாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் முனகல்தான்.

"இந்த ஜெனரேட்டர் சத்தத்துல ஒரு எழவும் கேக்கல!" என்று எரிந்து விழுந்தேன்.

மைக் பிடித்திருந்தவர் என் காதருகே வந்து கத்தினார்: "ஊலே, ஜெனரேட்டரை நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொள்ளலாம் என்று என்னை வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள். வாய்த் துணியைக் கீழே இறக்கினாள்.

"எவ்வளவு காலமா, ஊலே?"

"எது எவ்வளவு காலமா?"

"காது கேக்காம."

"யாருக்குக் கேக்கல? நீ பேசறதெல்லாம் நல்லாத்தானே கேக்குது!"

"நான் சத்தமே போடல, ஊலே. வாயை மட்டும்தான் அசைச்சேன்" என்றாள்.

வெற்றிலை என் கையிலேயே இருந்தது. காது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. மற்றபடி பல வருஷமாக அவள் வாயைப் பார்த்தே வசனத்தை வாங்கியிருக்கிறேன். கண்ணால் செய்ததைக் காதால் செய்ததாக நினைத்துப் பெருமை பேசியிருக்கிறேன். ஒரு சாண் துணி வந்து அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"சயாகிட்டச் சொல்லாதே" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கெஞ்சிய ஆள் அவள் ஒருத்திதான். சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் என்னை ஜன்னல் மறைவுக்கு இழுத்துப் போய்த் துணியை இறக்கிச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு நாளில், வாய்த் துணியைக் கவனிப்பதற்கென்றே போட்டிருந்த ஆள் அவளைக் கண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு அடுத்த வாரத் தாள்களை முன்னாடியே என்னிடம் கொடுத்துவிடுவாள்.

தாளைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். காது விஷயத்தையும் சொன்னேன். "எனக்குத் தெரியுமே" என்றாள். "எப்பலேந்து?" என்றேன். "நாலஞ்சு வருஷமா நான் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

தினமும் காலையில் அவள் என் வலது காதில் வாயை வைத்து வசனத்தைக் கத்துவாள். நான் அதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். பர்மிய ஓசைக்குத் தமிழ் எழுத்து போதாது. மேலே கோடு, பக்கத்தில் புள்ளி என்று நானாக அடையாளம் கண்டுபிடித்தேன். மனப்பாடமே செய்யாத ஆள் எழுபது வயதுக்கு மேல் மனப்பாடம் செய்தேன். எதிர் வீட்டுப் பர்மிய அம்மாள் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, கைகளை ஆட்டிக் கத்திக் கேட்டாள்: "ஊலே, அந்தப் பொண்ணு அவனோட போயிடுவாளா, மாட்டாளா? நேத்துப் பாதியில நிறுத்திட்டீங்களே!" தொடர் அப்போது ஒளிபரப்பாகவே தொடங்கவில்லை.

இப்படியே பாதித் தொடர் ஓடியது. படப்பிடிப்பில் வேலையாட்கள் என்னைச் 'சயாஜீ' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஹெட்மாஸ்டரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையும் லோஞ்சி என்கிற பர்மியக் கைலியும் அணிந்து நான் நின்றால் டீ கொண்டு வருகிற ஆளும் குனிந்துதான் போவார். மிகைப்படுத்தவில்லை.

பெரிய சீன் வந்தது. மகள் ஏழைப் பையன் ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் என் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுகிறாள். கோபமாக இருந்த நான் மனம் இளகி, தலையைத் தடவி, "உள்ளே கூப்பிடு. சோறு ஆறிப்போகும்" என்று சொல்ல வேண்டும். எட்டு நாள் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். மெதுவாக, அன்பாக, என் சொந்தக் குரலில். இந்த வரியோடு ஊர் என்னை ஹெட்மாஸ்டராக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினேன்.

அந்தப் பையனாக நடித்தவன் அதே வாரம் தாய்லாந்துக்குப் போய்விட்டான். இப்போது வயசுப் பிள்ளைகள் யார் இங்கே தங்குகிறார்கள்? அவனைக் குறை சொல்ல மாட்டேன். சயா காலையில் வந்து சீனை மாற்றி எழுதினார். பையன் வாசலில் நிற்கவில்லை, ஆற்றில் படகு கவிழ்ந்து செத்துப்போனான். மகள் அந்தச் சேதியைச் சொல்லி அழ, நானும் உடைந்து அழ வேண்டும்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எடுத்துக் கொடுக்கிற அம்மாள் வந்து இதையெல்லாம் சொன்னாள். துணியைக் கவனிக்கிற ஆள் பக்கத்தில் நின்றார். அவளால் இறக்க முடியவில்லை. அவள் கண்ணில் கேள்வி இருந்தது. கேட்டதா என்று கேட்கிறாள் என்று தெரிந்தது. இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். அத்தனை பேர் நிற்கிறார்கள், நான் சயாஜீ. "ஒருதரம் சொன்னாப் போதும், எனக்கா?" என்று கையை வீசிவிட்டு உள்ளே போனேன்.

கேமரா ஓடியது. அந்தப் பெண் என் முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். அவள் வாய் எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கி நின்றதும் தலையைத் தடவினேன், சிரித்தேன், சொன்னேன்: "உள்ளே கூப்பிடு. சோறு ஆறிப்போகும்."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு நிஜமாகவே கதறிவிட்டாள். சயா ஓடி வந்தார். துணியை இழுத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஊலே! செத்தவனைச் சாப்பிடக் கூப்பிடறாரு அந்த மனுசன்! சேதி மண்டைக்குள்ளயே போகல அவருக்கு! எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

அவர் வாயிலிருந்துதான் பையன் செத்ததை நான் தெரிந்துகொண்டேன். ஒரு நொடிதான். "அனுபவம், சயா" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். கைகளைப் பார்த்தேன். என் பிழைப்பில் அதுதான் உச்சம். ஐந்து நிமிஷம் இருக்கும்.

சயா துணியை ஏற்றிக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். திரும்ப ஒரு தடவை, இதே போல என்று எடுத்துக்கொண்டேன். எழுதினபடி அழுது ஒன்று எடுக்கலாம் என்றாராம் அவர். கேமரா ஓடியது. சிரித்தேன், சோறு ஆறிப்போகும் என்றேன். நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது, மறுபடி சிரித்தேன். இந்தத் தடவை அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சயா எனக்குப் பின்னால் வந்து நின்று மூன்று தடவை "ஊலே" என்று கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லை.

அவர் நல்ல மனிதர், திட்டவில்லை. எடுத்ததை வீணாக்கவும் அவருக்கு வழியில்லை. பையன் செத்த அதிர்ச்சியில் ஹெட்மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று கதையை எழுதிவிட்டார். கையும் காலும் வாயும் போய்விட்டன. ஒரு வரி வசனம் கிடையாது. கட்டிலில் படுத்திருக்க வேண்டும், மற்றவர்கள் சுற்றி நின்று பேசுவார்கள்.

எப்போது கண்ணைத் திறப்பது, எப்போது கண்ணீர் விடுவது என்று எனக்கு எப்படிச் சொல்வது? என் கால் கட்டைவிரலில் ஒரு நூல் கட்டினார்கள். போர்வைக்குள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளின் கைக்குப் போகும். ஒரு இழுப்பு என்றால் கண்ணைத் திற. இரண்டு என்றால் அழு.

இதை வீட்டில் சொன்னபோது மனைவி சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "கட்டைவிரல்ல யாருக்குக் கட்டுவாங்கன்னு தெரியாதா உங்களுக்கு? பர்மாக்காரங்களுக்கும் அதான், நமக்கும் அதான். போகாதீங்க."

"அது ரெண்டு கட்டைவிரலையும் சேத்துக் கட்டறதுடி. இது ஒத்தைக் கால்தான்."

"மறு காலை நான் கட்டணுமாக்கும்?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் போனேன்.

கட்டிலில் கிடப்பதிலும் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் அசைய மாட்டேன். சுற்றி நின்றவர்களின் துணிகள் உப்பி உப்பி அடங்கும். யார் பேசுகிறார்கள் என்று அதை வைத்துத்தான் தெரியும். ஹெட்மாஸ்டர் சாகும் முன் எழுந்து ஒரே ஒரு வரி பேசட்டும் என்று ஒரு நாள் சயாவிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சில வாரம் கழித்து ஒரு நீண்ட இழுப்பு வந்தது. மூச்சை நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன். போதும் என்று சொல்ல நூலில் அடையாளம் எதுவும் வைத்திருக்கவில்லை. அந்த அம்மாள் கடைசியில் வந்து உலுக்கித்தான் என்னை எழுப்பினாள்.

வாய்த் துணியெல்லாம் போன பிறகு ஒரு நாள் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். உட்கார்ந்து, நான் பார்க்கும்படி மெதுவாகப் பேசினாள்.

"ஒளிபரப்பாகப் போகுது, ஊலே. முன்னாடியே சொல்லிடலாம்னு வந்தேன். உங்க வசனத்துக்கெல்லாம் வேற ஆளை வச்சுப் பேச வச்சுட்டாங்க."

"அந்த வரிக்குமா?"

"அதுக்கும்தான். முகம் அவ்வளவு நல்லா இருக்காம். குரல்தான்... நீங்க எல்லா இடத்துலயும் கத்தியிருக்கீங்க, ஊலே. உங்களுக்கே தெரியல."

மெதுவாக, அன்பாகச் சொன்னதாக நான் நினைத்த வரி. அதையும் கத்தித்தான் சொல்லியிருக்கிறேன். செவிடனுக்குத் தன் சத்தமும் கேட்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சந்தையிலிருந்து வந்த மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை.

அந்தச் சீன் வந்த சாயங்காலம் மின்சாரம் இருந்தது. எதிர் வீட்டு அம்மாளும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். தொலைக்காட்சியில் நான் அந்தப் பெண்ணின் தலையைத் தடவினேன், சிரித்தேன், வாயை அசைத்தேன். அது யார் குரல் என்று எனக்குத் தெரியாது. உடைத்துப் பேசுகிறாரா, நேராகப் பேசுகிறாரா என்று எடுத்துக் கொடுக்கிற அம்மாளிடமும் நான் கேட்டிருக்கவில்லை. திரும்பி இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தேன். சிரிப்பு இல்லை, இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வலது காதில் வாயை வைத்தாள். "உங்க குரலேதான். அப்படியே இருக்கு" என்று கத்தினாள்.

"பின்னே யாரோடதுன்னு நெனச்சே?" என்றேன்.

எதிர் வீட்டு அம்மாள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்தியிருப்பேன்.

மனைவி தொலைக்காட்சியைப் பார்த்து மறுபடி அழுதாள். அந்த ஆள் நன்றாகத்தான் பேசியிருக்க வேண்டும். எவ்வளவு நன்றாக என்று அவளிடம் எப்படிக் கேட்பேன்?